பெரியமேடு

பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போகும் ரயில்பாதையில் கோரைப்பள்ளம் என்று ஓர் இடம் இருந்தது. ஸ்டேசன் கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது. வடக்கே அலையடங்கிய பெண்கடல், தெற்கே அலையடிக்கிற ஆண்கடல். வடகரையில் ஒருத்தி பிள்ளையைத் திட்டினால் தென்கரையில் வலை இழுக்கிறவன் சிரிப்பான் என்பார்கள். நடுவில் கிடந்த மண்ணின் அகலம் அவ்வளவுதான். அந்த மணலின் முதுகில் தண்டவாளம். தண்டவாளத்தை ஒட்டி வரிசையாக ஆறு கல்வீடுகள்.

பாதை போட்ட காலத்தில், தண்டவாளக் கட்டை மாற்றவும் மணல் தள்ளவும் வருகிற ஆட்களை எங்கே குடிவைப்பது என்று இடம் தேடிக்கொண்டு வந்தார்களாம். கோரை முளைத்துக் கிடந்த ஒரு பள்ளத்தில் யாரோ சிரட்டையால் மணலைத் தோண்ட, இளநீர் மாதிரித் தண்ணீர் ஊறியது. இரண்டு உப்புக்கடலுக்கு நடுவே நல்ல தண்ணீர். அந்த ஊத்தை நம்பித்தான் அங்கே வீடு எழும்பியது. தங்கச்சிமடத்துக் கிறிஸ்தவர்கள் சிலர் வந்தார்கள். மழை பொய்த்த வருசங்களில் சிக்கல், சாயல்குடிப் பக்கத்துச் சம்சாரிகள் ஏர்மாட்டை விற்றுவிட்டு வந்தார்கள். கடல்காரனும் காட்டுக்காரனும் ஒரே மண்வெட்டியைப் பிடித்தார்கள்.

பாசஞ்சர் வண்டி அங்கே நிற்க வேண்டும் என்று சட்டம் இல்லை. ஆனாலும் நின்றது. டிரைவர்களுக்கு ஊத்துத் தண்ணீர் மேல் அப்படி ஓர் ஆசை. ஒரு குடம் வாங்கி எஞ்சினில் வைக்கிற நேரத்துக்குள் ஏறுகிறவர்கள் ஏறிக்கொள்ளலாம், இறங்குகிறவர்கள் இறங்கிக்கொள்ளலாம்.

அந்தக் குடத்தைத் தூக்கிக் கொடுக்கிறவள் யாகப்பம்மாள். பாதை வேலை பார்க்கிற கேங்குக்குத் தண்ணீர் சுமக்கிற வேலை அவளுக்கு. ஊத்தில் குத்தவைத்து, கலங்காமல் சிரட்டை சிரட்டையாக மொண்டு குடத்தை நிரப்பி, வேலை நடக்கிற இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். நெட்டையான பொம்பளை. முகத்தில் சிரிப்பைப் பார்த்து வருசங்கள் ஆகியிருந்தன.

வீடுகளுக்கு மேற்கே பெரியமேடு நின்றது. நின்றது என்பது பேச்சுக்குத்தான். அது நடக்கிற மேடு. ஆனி, ஆடியில் கச்சான் காற்று மேற்கிலிருந்து அடிக்கும்போது மேட்டின் முதுகிலிருந்து மணல் புகையாய்க் கிளம்பிக் கிழக்குச் சரிவில் விழும். முதுகில் குறைகிறது முகத்தில் கூடும். யாகப்பம்மாள் வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் அதற்கும் வீட்டுக்கும் நடுவே ஆடு மேய்கிற வெளி கிடந்தது. இப்போது முதல் வீட்டின் ஜன்னலுக்கு வந்துவிட்டது. அந்த வீட்டுக்காரன் கதவைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஊருக்கே போய்விட்டான். கேங்கு ஆட்கள் ஓலைப்படல் கட்டிப் பார்த்தார்கள். மேடு படலையும் சேர்த்துத் தின்றது. சோற்றில் மணல், களியில் மணல், கட்டின புடவையின் மடிப்பில் மணல். காற்று இல்லாத நேரத்திலும் சரிவில் மணல் இறங்குகிற சத்தம் கேட்கும். யாரோ ஈரப்புடவையை இழுத்துக்கொண்டு நடக்கிற மாதிரி.

"அது பாத்துக்கிட்டே வருது யாகப்பு," என்பாள் பாண்டியம்மாள். மேஸ்திரி செல்லச்சாமியின் பெண்சாதி, பக்கத்து வீடு. "எங்க சிக்கல்ல கரிசல் இருக்கு, வெடிக்கும், காயும், கெடந்த எடத்துலயே கெடக்கும். இப்படி எந்திரிச்சு வர்ற மண்ண நான் எங்கனயும் பாக்கல."

யாகப்பம்மாளின் புருசன் வேதமுத்து கீமேன். சுத்தியலும் கொடியுமாய்த் தண்டவாளத்தின் மேலேயே நடந்து, இளகிய ஆணிகளை அடித்து இறுக்குகிற வேலை. அப்பனையும் அண்ணனையும் ஒரே வள்ளத்தில் கடலுக்குக் கொடுத்தபின், இனி தண்ணிப் பொழைப்பு வேண்டாம் என்று ரயிலுக்கு வந்தவன். சுதந்திரம் வந்து மூன்று நான்கு வருசம் ஆகியிருக்கும். ஓர் ஆனி மாதத்துச் சாயங்காலம் களி தின்னும்போது பல்லில் மணல் கடிபட்டு, தட்டைத் தள்ளினான்.

"இதுல களி எது, மணலு எது?"

"மேட்டுக்கிட்டப் போயிக் கேளுங்க. பாம்பனுக்கு மாத்தி வாங்குங்கன்னு சொல்லிச் சொல்லி என் நாக்குத் தேஞ்சு போச்சு."

"நச்சரிக்காத. ஒரு நா இல்ல ஒரு நா கப்பலேறி அக்கரைக்குப் போயிருவேன். மன்னார்ல நம்ம சனம் இல்லாமயா போச்சு? நிம்மதியா ஒரு வா கஞ்சி குடிப்பேன்."

"போங்களேன். யாரு கையப் பிடிச்சா?"

மறுநாள் விடிந்ததும் வேலைக்குப் போனான். அன்றைக்கு அடித்த கச்சானில் சூரியன் தேங்காய்த்துண்டு மாதிரி வெளுத்துத் தெரிந்தது. தண்டவாளம் மறைந்து, வண்டி பாம்பனிலேயே நின்றுவிட்டது. காற்று தணிந்தபோது எல்லோரும் திரும்பினார்கள். வேதமுத்து திரும்பவில்லை.

பாதை நெடுகத் தேடினார்கள். இரண்டு கரையிலும் தேடினார்கள். செல்லச்சாமி மேட்டடியில்கூட ஆள்விட்டுக் கம்பியால் குத்திப் பார்க்கத் தொடங்கினார். அப்போதுதான் யாகப்பம்மாள் வாயைத் திறந்தாள்.

"நேத்துத்தான் சொன்னாரு அண்ணே, அக்கரைக்குப் போறேன்னு."

அந்தச் சொல்லோடு தேடுவது நின்றது. ஆட்கள் கம்பியைச் சாய்த்துவிட்டுப் பீடி பற்றவைத்தார்கள். "சுத்தியலத் தூக்கிக்கிட்டா அக்கரைக்குப் போவான்?" என்று செல்லச்சாமி மட்டும் முனகினார். சொல்லாமல் ஓடிப்போனவன் என்று ரயில்வேயில் பெயரை அடித்தார்கள். செல்லச்சாமி யார் யார் காலையோ பிடித்து, அவளுக்கு இந்தத் தண்ணீர் சுமக்கிற வேலையை வாங்கிக்கொடுத்து அந்த வீட்டிலேயே இருக்கவைத்தார்.

மறுவருசம் வாடைக்காலத்தில், பாசஞ்சரிலிருந்து சீனி முகம்மது இறங்கினார். பாம்பன்காரர். அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்வந்து கைலியும் சோப்பும் விற்கிறவர். மூட்டையைக்கூட அவிழ்க்காமல் ஊத்தடிக்கு வந்தார்.

"தங்கச்சி, கோவிக்காத. மன்னார்க் கடத்தெருவுல ஒம் மாப்பிள்ளயப் பாத்தேன். கருவாட்டுக்கடை போட்டிருக்கான்."

சிரட்டை கையிலேயே நின்றது. "அவருதானா, பாய்?"

"வல்லாஹி, அவன்தான். எடது கன்னத்துல மரு இருக்குல்ல? 'ஏலே வேதமுத்து'ன்னு கூப்பிட்டேன், திரும்பிப் பாத்தான். ஊருப்பக்கம் வரலயான்னேன். 'பெரியமேடு எங்கன நிக்குது?'ன்னு மட்டும் கேட்டான்."

"என்னயப் பத்தி?"

சீனி முகம்மது மூட்டையின் முடிச்சைப் பார்த்தார். "கேக்கல தங்கச்சி."

அதற்குப் பிறகு ஒவ்வொரு பயணத்திலும் அவர் அவனைப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் அவன் அதையே கேட்டான். காற்று எப்படி அடிக்கிறது, மேடு எங்கே நிற்கிறது, ஊத்துக்குக் கிட்டே வந்துவிட்டதா. சிரிக்கிறதில்லை, ஒரு பீடி கொடுத்தால் வாங்குகிறதில்லை. "மேலெல்லாம் மணலாவே இருக்கான். கருவாடு காயப்போடுற மணலா இருக்கும்," என்றார் ஒருமுறை. இன்னொருமுறை, "வெத்தல எச்சி முழுங்கவே சங்கடப்படுறான், தொண்ட அடச்சவன் கணக்கா," என்றார்.

கட்டின பெண்டாட்டி எப்படி இருக்கிறாள் என்று கேட்கத் தோன்றாதவனுக்கு மண்மேட்டின் மேல் என்ன அக்கறை? யாகப்பம்மாள் சாயங்காலம் கடைசிக் குடத்தை இறக்கியதும் கிழக்கே போய் நிற்பாள். இலங்கை இருக்கிற திசையைப் பார்த்து ஒரு பிடி மணலை அள்ளித் தூற்றி, "மண்ணாப் போ" என்பாள். செபமாலை சொல்ல மறந்த நாள் உண்டு. இதை மறந்த நாள் இல்லை. தூற்றுகிற மணல் வாடைக்காற்றில் திரும்பி அவள் தலைக்கு மேலாக மேட்டுப் பக்கமே போகும்.

தனுஷ்கோடி யார்டில் வண்டிகளுக்குத் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேனாக இருந்தவர் கில்பர்ட். பெண்டாட்டியைப் பிரசவத்தில் பறிகொடுத்தவர். லீவு நாளில் பாசஞ்சரில் வந்து இறங்குவார். கையில் சூடை மீனோ, கீரைக்கட்டோ இருக்கும். பாண்டியம்மாளிடம் கொடுத்துவிட்டு, ஊத்தைச் சுற்றிச் சரிந்த மணலை ஒரு பாட்டம் வாரிப்போட்டுவிட்டு, அடுத்த வண்டியில் போய்விடுவார். இப்படி இரண்டு கச்சான் கழிந்தது. ஒருநாள் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"சாமியார்கிட்ட ஒரு வார்த்த கேட்டுப் பாக்கட்டுமா, யாகப்பம்மா?"

அவள் குடத்தின் விளிம்பைத் துடைத்தாள். "கேளுங்க," என்றாள்.

இருவரும் கோவிலுக்குப் போய்க் கேட்டதும் சாமியார் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். "புருசன் உசுரோட இருக்கான்னு ஊரே சொல்லுது மகளே. அவன் இருக்கையில ஒனக்கு இன்னொரு மெய்விவாகத்துக்கு நான் எப்படிக் கோவில்ல கல்யாண ஓலை வாசிப்பேன்?"

கோவிலிலிருந்து திரும்பிய அன்றைக்கே சீனி முகம்மது வண்டியில் போகிறதைப் பார்த்துவிட்டு, ஜன்னலோரமாக ஓடினாள்.

"பாய், அந்த ஆளப் பாத்தா ஒண்ணு சொல்லுங்க. மேடு ஊத்துக்கு வந்துருச்சு. இன்னும் ஒரு கச்சான் அடிச்சா எங்களுக்குத் தண்ணி இல்ல, வீடு இல்ல. அவரு கேட்டுக்கிட்டே இருந்த சேதி இதுதானே? இப்ப நான் கேக்குறேன். உசுரோடயோ பொணமாவோ வந்து எனக்கு ஒரு முடிவச் சொல்லச் சொல்லுங்க."

அப்போது பங்குனி. வைகாசிக் கடைசியில் பதில் வந்தது. சீனி முகம்மது அதைச் சொல்லும்போது வழக்கமான சத்தம் இல்லை.

"நீ சொன்னபடியே சொன்னேன். ரொம்ப நேரம் கருவாட்டப் புரட்டிப் போட்டுக்கிட்டே இருந்தான். பெறகு, 'மேடு விலகட்டும், வாரேன்னு சொல்லு'ன்னான். முதத் தடவையா அழுதான், தங்கச்சி. கண்ணுல தண்ணி வரல. ஆனா அழுதான்."

"மேடு எப்பவும் விலகாது, எப்பவும் வர மாட்டேன்னு அர்த்தம்," என்றாள் அவள்.

அந்த வருசத்துக் கச்சான் மாதிரி ஒன்றைச் செல்லச்சாமியே கண்டதில்லை. ஆனி பிறந்து ஆடி வரும்வரை விடவில்லை. காலையில் தள்ளின மணல் மத்தியானம் திரும்பத் தண்டவாளத்தில் கிடக்கும். ஆட்கள் கண்ணை மட்டும் விட்டுத் தலையோடு துண்டைச் சுற்றிக்கொண்டு வாரினார்கள். யாகப்பம்மாள் குடத்தின் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு நடந்தாள். முதல் வீடு ஓடு தெரியாமல் மூழ்கியது. ஊத்தைச் சுற்றிப் பழைய கட்டைகளை நட்டுக் காவந்து பண்ணினார்கள். மணல் இறங்குகிற சத்தம் இப்போது பகலிலும் வீட்டுக்குள் கேட்டது. பாண்டியம்மாள் அடுப்பில் வேலையாக இருக்கும்போது, "யாரது?" என்று இரண்டு தடவை வாசலுக்கு வந்து பார்த்தாள்.

முன்னால் இவ்வளவு வந்தால் பின்னால் அவ்வளவு விலகத்தானே வேண்டும். மேட்டின் மேற்குப் பக்கம், பல வருசமாய் வெயில் படாத தரை வெளியே வந்துகொண்டிருந்தது. அதை யாரும் போய்ப் பார்க்கவில்லை. எல்லோருடைய கண்ணும் கிழக்குச் சரிவில் இருந்தது.

காற்று சற்று ஓய்ந்த ஒரு காலை. மேற்கே தண்டவாளத்தில் வேலை நடந்துகொண்டிருந்தது. யாகப்பம்மாள் குடத்தோடு வந்துகொண்டிருந்தபோது, ஆட்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு மேட்டின் பின்புறம் கும்பலாக நிற்பது தெரிந்தது. செல்லச்சாமி மட்டும் எதிரே வந்து கையை விரித்து மறித்தார்.

"அங்கன போக வேணாம் தாயி."

"வந்துட்டாரா?" என்றாள் அவள்.

எதற்கு அப்படிக் கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது. செல்லச்சாமியின் கை தானாக இறங்கியது.

முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இடுப்புவரை இன்னும் மணலுக்குள். தலையோடு முகத்தை மூடிச் சுற்றிய துண்டு நைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. முழங்காலுக்கும் மார்புக்கும் நடுவே சுத்தியல். உப்பு மணல் அவனை அழுகவிடவில்லை. கருவாடாய் வற்றவைத்திருந்தது. மார்பில் மாதாவின் உத்தரியக் கயிறு. துண்டு விலகிய இடத்தில் இடது கன்னம். மரு.

"காத்துக்கு ஒதுங்கி ஒக்காந்திருக்கான்," என்றார் செல்லச்சாமி மெதுவாக. "அன்னிக்கு மேட்டோட கெழக்கு அடி இங்கனதான் இருந்துச்சு. துண்டப் போத்திக்கிட்டுக் கொஞ்சம் பொறுத்துப் போவோம்னு ஒக்காந்திருப்பான். மேல இருந்து சரிஞ்சிருச்சு. நாங்க கம்பியால குத்தின எடம் அந்தா, அங்கன."

அவர் கையைக் காட்டிய இடம் பக்கத்தில்தான் இருந்தது. அவள் அதையும் பார்த்தாள், வீடு இருந்த திசையையும் பார்த்தாள்.

"இங்கன இருந்து கூப்பிட்டா வீட்டுக்குக் கேக்கும்ல, அண்ணே?"

"மத்த நாள்னா கேக்கும் தாயி. அந்தக் காத்துல கேட்டிருக்காது."

"கூப்பிட்டிருப்பாரு."

அவள் குடத்தை இறக்கிவைத்து அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். முந்தானையை விரலில் சுற்றி அவன் காதுக்குள் அடைத்திருந்த மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தாள். பாண்டியம்மாள் ஓடிவந்து தோளைப் பிடித்து இழுத்தாள். யாகப்பம்மாள் அசையவில்லை.

"நான் தெனமும் அள்ளித் தூத்துனேனே," என்றாள் அவனிடம். "அம்புட்டும் உங்க மேலதான் விழுந்துச்சா? நான் வாயத் தொறந்திராட்டி அன்னிக்கே தோண்டி எடுத்திருப்பாகளே. உங்கள மண்ணாப் போகச் சொல்லிச் சொல்லி..."

அப்புறம்தான் அழுகை வந்தது. அது ஒரு பொம்பளையின் அழுகை மாதிரி இல்லை என்றும், மேடே அழுத மாதிரி இருந்தது என்றும் பாண்டியம்மாள் பின்னால் சொன்னாள். ஆட்கள் தலைத்துண்டை அவிழ்த்துவிட்டு, கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்கள்.

போலீஸ் வந்தது, டாக்டர் வந்தார். பார்த்தார்கள், கேட்டார்கள், கொடுத்துவிட்டுப் போனார்கள். பாம்பன் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோக ரயில்பாதை இன்ஸ்பெக்டர் தம் டிராலியைத் தந்தார். பெட்டியை டிராலியில் வைத்து, ஆட்கள் தண்டவாளத்தின் மேலேயே தள்ளிக்கொண்டு போனார்கள். அவன் ஆணி அடித்து நடந்த பாதை. சக்கரம் இணைப்புகளில் ஏறி இறங்கும்போதெல்லாம் உள்ளே லேசாகத் தட்டுகிற சத்தம் கேட்டது. "கீமேன்தான், பாதையப் பாத்துக்கிட்டு வாரான்," என்று ஒருவன் சொல்லப்போய், செல்லச்சாமி முறைத்ததும் வாயை மூடிக்கொண்டான். கில்பர்ட் தனுஷ்கோடியிலிருந்து வந்திருந்தார். யாரிடமும் கேட்காமல் டிராலியின் பின்கட்டையில் கை வைத்துத் தள்ளினார். யாகப்பம்மாள் கூடவே சரளைக்கல்லில் வெறுங்காலோடு நடந்தாள். ஏறிக்கொள்ளச் சொன்னதற்கு மறுத்துவிட்டாள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் சாமியார் அவளைக் கூப்பிட்டார். "இனி எந்தத் தடையும் இல்ல மகளே. ஓலை வாசிக்கச் சொன்னா வாசிக்கிறேன்." அவள் வணங்கிவிட்டு வெளியே வந்தாள். கில்பர்ட் பூவரச மரத்தடியில் நின்றிருந்தார்.

"உங்களுக்கு ஒரு வார்த்த சொல்லணும்," என்றாள். "நான் ஓடிப்போனவன் பொண்டாட்டியாவே இருந்துட்டேன். அறுத்தவளா ஒரு நாகூட இருக்கல. அவருக்கு நான் அழ வேண்டிய அழுகை அப்படியே கெடக்கு. ஒரு வருசம் வெள்ள கட்டி அழுதுட்டு வாரேன். அதுக்குள்ள உங்களுக்கு வேற எடம் அமைஞ்சா நான் சங்கடப்பட மாட்டேன்."

"ஊத்த யாரு தூர் வாருறது?" என்றார் கில்பர்ட். "நான் எப்பவும் போல வாரேன்."

வந்தார். அவள் வெள்ளைப்புடவையில் தண்ணீர் சுமந்தாள். சாயங்காலம் கிழக்கே போய் நிற்பதை விட்டுவிட்டு, மேற்கே அவன் உட்கார்ந்திருந்த இடத்தில் போய்ச் செபமாலை சொன்னாள். பெரியமேடு ஊத்தின் விளிம்பில் வந்து நின்றது. அந்த வருசம் அதற்கு மேல் நகரவில்லை.

சீனி முகம்மது மட்டும் கோரைப்பள்ளத்தில் இறங்கவில்லை. பாசஞ்சர் நிற்கும்போது ஒரு பெட்டியின் ஜன்னல் பலகை அவசரமாக இறங்குவதை அவள் பார்த்திருக்கிறாள். கூப்பிடவில்லை.

கார்த்திகை வாடையில், மூட்டை இல்லாமல் அவர் இறங்கினார். ஆள் பாதியாக வற்றியிருந்தார். ஊத்தடியில் சற்றுத் தள்ளியே நின்றார்.

"மேஸ்திரி எல்லாம் சொன்னாரு. எத்தனையோ வருசம் முன்னாடியே மவுத்தானவன்கிட்டயா நான் பேசிக்கிட்டிருந்தேன்? வல்லாஹி, நான் பொய் சொல்லல தங்கச்சி. இந்தக் கண்ணால பாத்தேன்."

"நீங்க பொய் சொன்னீகன்னு நான் நெனைக்கல பாய்."

"வேற எவனோ ஒருத்தன், முகம் ஒத்திருக்குன்னு மனசத் தேத்திக்கிட்டு அந்தக் கடைக்குப் போனேன். பூட்டிக் கெடக்கு. பக்கத்துக் கடக்காரனக் கேட்டேன். ஆனிக் கடைசியில, காயப்போட்ட கருவாட்டக்கூட அள்ளாம, 'வழி விட்டிருச்சு'ன்னு சொல்லிட்டுக் கெளம்பினானாம். கப்பலேறினதப் பாத்தவுக இருக்காக. இந்தக் கரையில எறங்குனதப் பாத்தவுக ஒருத்தரும் இல்ல." அவர் ஓர் அடி முன்னால் வந்தார். "அவன் எங்கனதான் போனான் தங்கச்சி?"

யாகப்பம்மாள் சிரட்டையால் ஊத்தின் மேல்தண்ணீரை விலக்கி, தெளிந்ததை மொண்டு செம்பில் ஊற்றினாள். வண்டி கூவியது. அவள் எழுந்து வந்து செம்பை அவர் கையில் கொடுத்தாள்.

"வந்து சேந்துட்டாரு பாய்," என்றாள். "நீங்க தண்ணியக் குடிங்க. வண்டி கெளம்பப் போகுது."